பின்கேட்டிலிருந்து தொடங்குங்கள்: மலையில் கம்ப்ளையன்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சட்டமோ கம்பெனி செக்ரட்டரி படிப்போ முடித்துவிட்டு, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எங்கிருந்து மேடம் ஆரம்பிக்கிறது?" கையில் ஒரு சட்டப் பட்டியலோடு வருவார்கள். நாற்பது சட்டம் இருக்கும். அதைப் பார்த்தாலே அவர்களுக்கு மலைப்பாக இருக்கும். 14 ஆண்டுகளாகக் குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை நிறுவனங்களில் இந்த வேலையைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நேரில் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நிறுவனம் சட்டத்தையும், தானே எழுதிவைத்த விதிகளையும் நடைமுறையில் கடைப்பிடிக்கிறதா என்று பார்ப்பது கம்ப்ளையன்ஸ். சட்டம் வாய் திறக்காத இடத்திலும் நியாயமாக நடந்துகொள்வது எதிக்ஸ். பெரிய நகரத்து நிறுவனங்களில் இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள் இருக்கலாம். மலையில் இரண்டும் ஒரே மேசைக்குத்தான் வரும், எச்.ஆர். வேலையும் பெரும்பாலும் அதே மேசையில்தான் கிடக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தப்பு நடக்கிறதென்றால், அது தெரிந்த ஆள் எப்போதும் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறார். அவர் பயமில்லாமல் சொல்ல ஒரு வழி வேண்டும். சொன்ன பிறகும் அவர் நிம்மதியாக வேலை பார்க்க வேண்டும். நம் வேலையின் மையம் இதுதான். பட்டியல், பாலிசி, பயிற்சி எல்லாம் இதற்குத் துணை.

முதல் மாதம்: நடந்து பாருங்கள்

முதல் 30 நாட்கள் எந்த அறிக்கையும் எழுதாதீர்கள். காலையில் ஃபேக்டரிக்கு முன்வாசல் வழியாகப் போகாமல் பின்கேட் வழியாகப் போங்கள். நிறுவனத்துக்குள் என்ன வருகிறது என்பதற்கு பில் இருக்கும். வெளியே என்ன போகிறது என்பதில்தான் ஓட்டை விழும். கேட் பாஸ் புத்தகத்தை வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டுங்கள். பழைய இரும்பு, காலிப் பூச்சிமருந்து டப்பா, கிழிந்த சாக்கு, தேயிலைக் கழிவு என்று ஒவ்வொன்றும் யாருக்குப் போகிறது, யார் கையெழுத்தில் போகிறது, எடை போட்டு அனுப்புகிறார்களா, குத்துமதிப்பாக அனுப்புகிறார்களா என்று பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் கொடைக்கானல். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஃபேக்டரி 1980களின் தொடக்கத்தில் பழனி மலைக்கு வந்தது. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே தெரிந்தது. அப்படி விற்றது தன் சொந்த விதிமுறைக்கே முரணானது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஃபேக்டரி மூடப்பட்டது. 2003-ல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரின் வழக்கில் உடன்பாடு வந்தது 2016-ல்தான். இடையில் 15 ஆண்டுகள்.

விதிமுறை காகிதத்தில் இருந்தது. கண்ணாடி கேட் வழியாகத்தான் போனது. டன் கணக்கில் போக வேண்டுமென்றால் சாக்கில் அள்ளியவர் ஒருவர், ஏற்றியவர் ஒருவர், கேட்டைத் திறந்துவிட்டவர் ஒருவர் என்று பலர் கை அதில் பட்டிருக்கும். உங்கள் ஃபேக்டரியில் பின்கேட் வழியாகப் போகும் பொருளைப் பற்றி, அதை அள்ளிப் போடுகிறவரிடம் யாராவது எப்போதாவது பேசியிருக்கிறார்களா? அந்த முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

பின்கேட்டுக்கு அப்புறம் இலை எடை போடும் மேடை, விறகுக் கிடங்கு, மருந்து குடோன், பிள்ளைக் காப்பகம், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். கையில் நோட்டு வேண்டாம். நோட்டைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டப் பட்டியல்: நான்கு கட்டம் போதும்

இப்போது பட்டியலுக்கு வரலாம். சட்டத்தின் பெயரை மட்டும் வரிசையாக எழுதிவைப்பதில் பயனில்லை. ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம் வையுங்கள்: என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு, செய்ததற்கு எது அத்தாட்சி. பொறுப்பு என்ற கட்டத்தில் துறையின் பெயரைப் போடாதீர்கள், ஆள் பெயரைப் போடுங்கள். 'அக்கவுண்ட்ஸ்' என்று எழுதினால் யாருமே செய்ய மாட்டார்கள். பி.எஃப். பணம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்றால், அதைக் கட்டுகிறவர் பெயரும் அவர் லீவில் போனால் கட்டுகிறவர் பெயரும் இருக்க வேண்டும்.

தொழிலாளர் சட்டங்களில் பழைய பட்டியலை அப்படியே நகல் எடுக்காதீர்கள். நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. தோட்டத் தொழிலாளர்களுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் அடிப்படையாக இருந்த 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இப்போது தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புக்குள் போய்விட்டது. எல்லாத் தொழிலாளருக்கும் எழுத்தில் பணி நியமன உத்தரவு தர வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கோ நிறுத்தப்பட்டவருக்கோ சம்பளப் பாக்கியை 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். தோட்டங்களில் பூச்சிமருந்தைக் கையாள்வதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மாநில விதிகளையும் சேர்த்துப் படித்துத்தான் பட்டியலைப் போட வேண்டும்.

மலைக்கே உரிய சட்டங்களைச் சமவெளியில் தயாரித்த பட்டியல்கள் விட்டுவிடும். 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் சொந்தத் தோட்டத்து சில்வர் ஓக்காக இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. தேயிலைக்கென்று 1953-ம் ஆண்டுத் தேயிலைச் சட்டம், 1959-ம் ஆண்டுத் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை, 2003-ம் ஆண்டு விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை மூன்றும் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய நினைக்காதீர்கள்

பட்டியலில் இருநூறு வரி வரும். அதில் யாருடைய உயிருக்கோ, கூலிக்கோ, மானத்துக்கோ கேடு வரக்கூடியவற்றை முதலில் எடுங்கள். அபராதத் தொகையை வைத்து வரிசைப்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அபராதம் சின்னதாக இருக்கும் இடத்தில்கூட ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம் போய்விடலாம்.

நீலகிரியில் நான் முதலில் பார்ப்பது எடை மேடை. பாட்லீஃப் ஃபேக்டரிகளுக்கு, அதாவது பச்சை இலையை வெளியிலிருந்து வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரிகளுக்கு, இலை கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகள், பலருக்கு ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்தான். ஏஜெண்ட் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. விலையில் கை வைக்க முடியாதபோது எடையில் கை வைப்பார்கள். மழைக்காலத்தில் இலை ஈரமாக இருக்கும், அதற்குக் கழிக்க வேண்டும் என்பது நியாயம்தான். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் வயிறு எரியும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மூட்டைக்கு மூன்று கிலோ கழித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கும் மூன்று, வெயிலுக்கும் மூன்று. ஏனென்று கேட்டால், "ரொம்ப நாளா இப்படித்தான் மேடம்" என்றார் எடைக்காரர். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஜனவரியில் பனி கொட்டுகிற காலத்தில், காய்ந்த மத்தியானத்தில் வந்த பத்து மூட்டையை நானே தனியாக எடை போட்டேன். காலிச் சாக்கின் எடை ஒரு கிலோகூட இல்லை. மற்றதெல்லாம் விவசாயியின் இலை. அந்தப் பத்து மூட்டைக் கணக்கை ஒரே தாளில் எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். சட்டப் பிரிவு எதையும் குறிப்பிடவில்லை. அடுத்த வாரம் எடை கழிக்கும் முறை மாறியது. மேடையில் சிலேட்டுப் பலகை மாட்டி, அன்று எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை எழுதத் தொடங்கினார்கள். நீங்களும் வாதாடுவதற்கு முன்னால் எடை போட்டுப் பாருங்கள். தராசில் எடையளவுத் துறையின் முத்திரை நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தேயிலைக் கழிவு. மனிதர் குடிக்கும் தூளோடு அது திரும்பக் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதற்குத் தனிக் கட்டுப்பாடு. வாங்குகிறவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உற்பத்திக் கணக்கில் உள்ள கழிவும் கேட் பாஸில் போன கழிவும் ஒத்துப்போகின்றனவா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அப்புறம் விறகு: லாரியில் வந்த மரம் எந்த நிலத்தில் வெட்டியது, அதற்கு அனுமதி உண்டா என்பதற்குக் காகிதம் வேண்டும். மருந்தடிப்பவர்களின் கையுறையும் பூட்ஸும் ஆடிட் வரும் நாளில் புத்தம் புதிதாக இருந்தால், மற்ற நாட்களில் அவை இல்லை என்று அர்த்தம். ஆடிட் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிடைக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் அது கையில் வந்துவிட வேண்டும். மலையில் பல இடங்களில் ஓய்வு பெற்றவர் லைன் வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்பார்கள். பணம் வந்தால்தான் வீடு என்று அவர் உட்கார்ந்திருப்பார். 35 வருஷம் கொழுந்து எடுத்த கையில் கடைசியில் இருப்பது அந்த வீட்டுச் சாவி மட்டும். அதையும் கொடுத்துவிட்டால் தன் பேச்சை யார் கேட்பார்கள் என்ற பயம் நியாயமானது. இதைச் சட்டப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல், ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே கணக்குப் போட்டு அவர் கையில் ஒரு தாளாகக் கொடுத்துவிடும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். நான் பார்த்த தகராறுகளில் பாதிக்கு மேல் அந்தத் தாளிலேயே தீர்ந்தன.

பாலிசி எழுதுவது, சீசன் பங்களா

நடத்தை விதி ஒரு தாளுக்கு மேல் போகக் கூடாது, தமிழில் இருக்க வேண்டும். வெளியில் விற்கும் மாதிரிப் படிவத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து வந்து நிறையப் பேர் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்களுக்கு இந்தியிலோ, அவர்களில் ஒருவர் வாய்மொழியாகவோ சொல்ல ஏற்பாடு வேண்டும்.

பொது வார்த்தைகளை விட்டுவிட்டு, உங்கள் ஊரில் நிஜமாக நடப்பதை எழுதுங்கள். மலையில் அது சீசன் பங்களா, அதாவது சுற்றுலா சீசனில் எஸ்டேட் பங்களாவில் தங்க இடம் கேட்பது. ஏப்ரல், மே வந்தால் ஃபோன் வரும். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து, "ஐயா குடும்பத்தோட வர்றார், பங்களால ரெண்டு நாள் ரூம் வேணும்." பணம் கை மாறாது. கேட்கிறவரும் அதை லஞ்சமாக நினைக்க மாட்டார், கொடுக்கிற மேனேஜரும் மரியாதை என்றே நினைப்பார். ஆனால் அதே அலுவலகத்தில் நம் உரிமம் ஒன்று நிலுவையில் இருக்கும்.

2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, கொடுப்பவரும் குற்றவாளிதான். முறையற்ற ஆதாயம் என்பது பணம் மட்டும் இல்லை. வற்புறுத்திக் கொடுக்க வைத்தார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். நிறுவனத்துக்கும் அபராதம் உண்டு. இப்படி நடக்காமல் தடுக்கப் போதுமான நடைமுறைகள் வைத்திருந்தோம் என்று நிரூபிப்பதுதான் நிறுவனத்துக்குள்ள தற்காப்பு. இயக்குநரோ அதிகாரியோ உடந்தை என்றால் அவருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

ஆகவே மேனேஜரைத் தனியாக மாட்டிவிடாதீர்கள். ஃபோனில் முடியாது என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணமாக நீங்கள் இருங்கள். நாங்கள் செய்தது இதுதான்: பங்களா புக்கிங்கை எஸ்டேட்டிலிருந்து எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினோம். யார் தங்கினாலும் ஒரே கட்டணம், ரசீது உண்டு, பதிவேட்டில் கேட்டவர் பெயரும் அலுவலகமும் எழுதப்படும். "என் கையில இல்லைங்க சார், ஆபீஸ்ல புக் பண்ணணும், ரசீது போடுவாங்க" என்று மேனேஜர் சொல்ல முடிந்தது. முதல் சீசனில் சிலருக்குக் கோபம் வந்தது. இரண்டாவது சீசனில் ஃபோன்கள் பாதியாகக் குறைந்தன. தீபாவளிப் பெட்டி, திருவிழா நன்கொடை, கோயில் கமிட்டி வசூல் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்: ஒரு பதிவேடு, ஒரு வரம்பு, மறுக்க ஒரு வாக்கியம்.

பயிற்சி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பேர் கொடுக்கும் இடத்தில் பத்து நிமிடம், ஒரே ஒரு சம்பவம், ஒரே ஒரு கேள்வி: "இது உங்களுக்கு நடந்தா யார்கிட்ட சொல்வீங்க?" வரும் பதிலைக் கவனியுங்கள். உங்கள் பெயரையோ, பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் கமிட்டித் தலைவி பெயரையோ ஒருவரும் சொல்லவில்லை என்றால், கையெழுத்து வாங்கிய பயிற்சிப் பதிவேடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

மொட்டைக் கடிதம்

இந்த வேலையின் நெஞ்சுப் பகுதி இது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் நிறுவனங்கள், வங்கிகளிடம் 50 கோடிக்கு மேல் கடன் உள்ள நிறுவனங்கள் எல்லாம் முறையான புகார் வழி வைத்தே ஆக வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 177-ம் பிரிவு. உங்கள் நிறுவனம் அதற்குள் வராவிட்டாலும் வையுங்கள்.

ஆனால் சென்னை நிறுவனம் வைக்கும் வழி மலையில் செல்லாது. அங்கே புகார் கொடுத்தவர் மாலை ரயிலேறிக் கூட்டத்தில் கலந்துவிடுவார். இங்கே புகார் கொடுத்தவரும், புகாருக்கு ஆளானவரும், விசாரிக்கும் நீங்களும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரே ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) மாமன் மச்சான் முறையாக இருப்பார்கள், ஒரே சர்ச்சில் பக்கத்து பெஞ்சில் உட்காருவார்கள். உங்கள் ஜீப் ஒரு லைனில் அரை மணி நேரம் நின்றாலே யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு பெரிய தவறுக்கு அப்புறம். வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில், நீல மையில், ஸ்டோரில் உரக் கணக்குப் பொய் என்று ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மூட்டை எண்ணிக்கை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. மேனேஜர் பார்க்க வேண்டும் என்றார். கடிதத்தையே கொடுத்துவிட்டேன். அவர் அதை ஸ்டோர் கிளார்க்கிடம் காட்டினார். அந்தக் கடிதத்தில் 'ழ' எழுதியிருந்த விதத்தைக் கிளார்க் எங்கேயோ பார்த்திருந்தார். தினசரி வருகையும் கிலோவும் எழுதும் பதிவேடான செக்ரோலை எடுத்துவைத்து ஒப்பிட்டார்கள். எழுதியவர் ஒரு இளம் மேஸ்திரி. புகார் உண்மை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அதற்குள் அவர் வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது இன்றுவரை மனதில் கிடக்கிறது.

அதற்கு அப்புறம் நான் மாற்றிக்கொண்டவை இவை. கடிதம் வந்தால் அசல் எனக்குத் தவிர யாருக்கும் காட்டப்படாது. உறையும் சேர்ந்து பூட்டுக்குள் போகும், அஞ்சல் முத்திரையே ஊரைச் சொல்லிவிடும். விஷயத்தை என் வார்த்தையில் தட்டச்சு செய்து, எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும் விவரத்தை நீக்கிவிட்டுத்தான் மேலே அனுப்புவேன். மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விவரம் ஒன்று கடிதத்தில் இருந்தால், அதை நானே வேறு ஆவணத்திலிருந்து கண்டுபிடித்துப் பதிவு செய்யும்வரை பயன்படுத்த மாட்டேன். யார் எழுதியது என்ற கேள்வியை எந்த உயரத்திலிருந்து யார் கேட்டாலும், "அது என் விசாரணையில் இல்லை" என்பதே பதில். நிர்வாக இயக்குநரிடம் இந்த வாக்கியத்தை முதல் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லி, ஒப்புதல் வாங்கிவையுங்கள். கடிதம் வந்த பிறகு அது அவருக்கு அவமானமாகப் படும்.

பேச வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். சந்தை நாளில் எல்லாரும் டவுனுக்கு வருவார்கள், அன்று ஒருவர் வருவதை யாரும் கவனிப்பதில்லை. ஒரே ஆளைப் பார்க்க வேண்டியிருந்தாலும் அந்த டிவிஷனில் பதினைந்து பேரைப் பாருங்கள், எல்லாரிடமும் ஒரே அளவு நேரம் பேசுங்கள். கம்பெனி டிரைவரை அழைத்துப் போகாதீர்கள். புகார் எண்ணை உங்கள் ஃபோனில் மட்டும் வையுங்கள், வாய்ஸ் மெசேஜ் வரலாம் என்று சொல்லுங்கள். ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "எழுதித் தரச் சொன்னா நான் வரல மேடம். சொல்றதைக் கேளுங்க, போதும்." பலருக்கு நிலைமை அதுதான்.

பெயரில்லாத கடிதத்தைக் குப்பையில் போட வேண்டும் என்று சொல்லும் மேலாளர்கள் இருக்கிறார்கள். பொய்க் கடிதங்களும் வரத்தான் செய்யும், பழைய பகையில் எழுதுகிறவர்கள் உண்டு. அதற்கு எளிய சோதனை, சரிபார்க்கக்கூடிய ஒரு விவரமாவது இருக்கிறதா என்பது. தேதி, எண்ணிக்கை, இடம், பில் நம்பர் என ஏதாவது ஒன்று. இருந்தால் அதை மட்டும் சரிபாருங்கள். எழுதியவர் நல்லவரா கெட்டவரா என்பது நமக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி.

விசாரணை

ஆவணம் முதலில், ஆட்கள் பிறகு. இந்த வரிசை மாறினால் ஆவணமும் மாறிவிடும். புகாருக்கு ஆளானவரிடம் பேசுவதற்கு முன்பே பதிவேடுகளின் நகல் உங்களிடம் வந்திருக்க வேண்டும். எல்லாத் துறையின் பதிவேட்டையும் 'வழக்கமான ஆய்வு' என்று ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கும் பழக்கம் இருந்தால், அன்று யாருக்கும் சந்தேகம் வராது.

புகாருக்கு ஆளானவரைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டும். சின்ன ஊரில் ஒருவர் மேல் விசாரணை என்று தெரிந்தாலே அவர் பெண்ணுக்கு வரும் சம்பந்தம் நின்றுவிடலாம். குற்றச்சாட்டை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் பக்கத்தைச் சொல்ல நேரம் கொடுங்கள், அவர் சொல்லும் சாட்சியையும் கூப்பிடுங்கள். முடிவில் தவறில்லை என்று வந்தால் அதை எழுத்தில் அவரிடம் கொடுங்கள். வாய்மொழியாக "ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்பிவிடுவது அநியாயம்.

பெண்கள் மீதான பாலியல் தொல்லைப் புகார் என்றால் நீங்கள் விசாரிக்கக் கூடாது, 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழுதான் விசாரிக்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அது கட்டாயம். தலைமையில் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். வெவ்வேறு ஊரில் அலுவலகம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு வேண்டும். குன்னூரில் ஒரு குழுவை வைத்துவிட்டுப் பந்தலூர் எஸ்டேட்டில் இருக்கும் பெண்ணை அங்கே வரச் சொல்வது சட்டத்துக்கும் ஆகாது, மனிதத்தன்மைக்கும் ஆகாது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் வர வேண்டும், காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. 90 நாளுக்குள் விசாரணை, அதன்பின் 10 நாளுக்குள் அறிக்கை, 60 நாளுக்குள் நிர்வாகத்தின் நடவடிக்கை. பணம் கொடுத்துச் சமரசம் என்ற பேச்சே கூடாது.

மலையில் இன்னொரு ஆபத்து உண்டு. "ஊர்ப் பெரியவங்க பேசித் தீர்த்துட்டாங்க மேடம்" என்று வந்து நிற்பார்கள். கூலித் தகராறில் பெரியவர்கள் பேச்சு உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. பெண்ணின் புகாரில் அதை ஒருபோதும் ஏற்காதீர்கள். அந்தப் பெண்ணைத் தனியே பார்த்து, அவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். அவருடைய மாமனாரையோ கணவரையோ கேட்காதீர்கள்.

போர்டுக்கு எப்படிச் சொல்வது

எல்லாச் சட்டங்களும் கடைப்பிடிக்கப்படத் தகுந்த ஏற்பாடு செய்திருக்கிறோம், அது ஒழுங்காக இயங்குகிறது என்று இயக்குநர்கள் ஆண்டறிக்கையில் கையெழுத்திடுகிறார்கள். கம்பெனிச் சட்டத்தின் 134-ம் பிரிவு அதைக் கேட்கிறது. அந்தக் கையெழுத்துக்கு ஆதாரம் உங்கள் அறிக்கைதான். இதை அவர்களுக்கு நினைவுபடுத்தினால் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் பத்து நிமிடத்திலிருந்து அரை மணியாகும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டம் போட்ட அட்டவணையில் எல்லாம் பச்சையாக இருந்தால் நல்ல இயக்குநர் சந்தேகப்படுவார். மூன்று விஷயம் மட்டும் எடுத்துப் போங்கள்: இந்தக் காலாண்டில் கண்டுபிடித்த மோசமான விஷயம், அதைச் சரிசெய்ய யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்கிறார், போன காலாண்டில் சொன்னதில் எது இன்னும் முடியவில்லை. மேனேஜரைப் பற்றிய விஷயம் என்றால், போர்டுக்குப் போவதற்கு முன் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் எதிரி இல்லை, இலை வரவில்லை என்றால் திட்டு வாங்குகிறவர் அவர்தான். ஆனால் புகாரே அவர் மேல் என்றால் சொல்லக் கூடாது, நேரே தணிக்கைக் குழுத் தலைவரிடம் போக வேண்டும். அந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதை வேலைக்குச் சேரும்போதே, நியமன உத்தரவில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோப்பை மூடிய பிறகு

பெரும்பாலோர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். நடவடிக்கை எடுத்தாயிற்று, கோப்பு மூடியாயிற்று. ஆனால் புகார் சொன்னவருக்கு வாழ்க்கை அப்போதுதான் தொடங்குகிறது. பழிவாங்குகிறவர்கள் அதை எழுத்தில் செய்ய மாட்டார்கள். வேலை நீக்கம், மெமோ எதுவும் வராது. கொழுந்து எடுக்கும் பெண்ணாக இருந்தால் அவருக்குக் கிடைக்கும் காடு, அதாவது இலை எடுக்கும் தோட்டப் பகுதி மாறும். ரோட்டோரம் செழித்த இலையில் இருந்தவரை, சரிவில், தூரத்தில், கவாத்து வெட்டி இன்னும் துளிர்க்காத இடத்துக்குப் பக்கத்தில் அனுப்புவார்கள். அவர் எடுக்கும் கிலோ குறையும், கூடுதல் இலைக்கான பணம் குறையும். கேட்டால் மேஸ்திரி, "எல்லாருக்கும் மாறி மாறித்தான் வரும்" என்பார்.

அதனால் 30, 90, 180 என்று மூன்று நாட்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த நாட்களில் செக்ரோலை எடுங்கள். புகார் கொடுத்தவரின் கிலோவைப் புகாருக்கு முந்தைய மாதங்களோடும், பக்கத்து வரிசையில் எடுக்கும் இரண்டு பேரின் கிலோவோடும் ஒப்பிடுங்கள். பனிக்காலம் என்றால் எல்லாருக்கும் குறைந்திருக்கும், அது வேறு. அவருக்கு மட்டும் குறைந்திருந்தால் எந்தக் காட்டில், எத்தனை நாள் போட்டார்கள் என்று பாருங்கள். ஓவர்டைம், லைன் வீட்டு ரிப்பேர், லீவு மறுப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். புகாரில் கை காட்டப்பட்டவர் கீழேயே அவர் இன்னும் வேலை பார்க்கிறார் என்றால், வேறு மேஸ்திரிக்கு மாற்றலாமா என்று அவரிடமே கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் மாற்றுங்கள்.

அப்புறம் ஒரு நாள், காலை இலை நிறுக்கும் நேரத்தில், மற்ற எல்லாரோடும் சேர்த்து அவரிடமும் போய் நின்று, இன்று எத்தனை கிலோ என்று கேளுங்கள்.